முன் சக்கரத்தில் போட்ட பூட்டு

சைக்கிளுக்குப் பூட்டு வாங்கப் போகிறவர்கள் பூட்டைப் பார்ப்பதில்லை, விலைச் சீட்டைத்தான் பார்க்கிறார்கள். உங்களிடம் சைக்கிள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ஐயா. இருந்தால் நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், உபயோகப்படும். மலிவான கேபிள் பூட்டைத் தொடாதீர்கள். பார்க்கத் தடிமனாக இருக்கும், ஆனால் தடிமன் எல்லாம் மேலே சுற்றிய பிளாஸ்டிக்தான். காசு குறைவாக இருந்தால் சின்னதாக ஒரு யு-லாக், அந்த வளைந்த இரும்புப் பூட்டு, வாங்குங்கள். சின்னதுதான் நல்லது. உள்ளே இடம் இருந்தால் திருடன் கம்பியை நுழைத்து நெம்புவான். ஃபிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு பூட்டுங்கள். முன் சக்கரத்தில் மட்டும் ஒருநாளும் பூட்டாதீர்கள்.

இது நான் கடையில் கற்றது இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டது.

நான் மான்ட்ரியாலில் பேகல் என்கிற வளைய ரொட்டி சுடுகிறவன். விறகு அடுப்பு முன்னால் நிற்கிற வேலை. மெட்ரோ ஓடத் தொடங்குவதற்கு முன்பே மாவு பிசைந்தாக வேண்டும் என்பதால் எனக்கு சைக்கிள் என்பது சொகுசு இல்லை, கால். பச்சை நிறத்தில் நல்ல சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். பதினொரு வருஷம் என்னைச் சுமந்தது. அதற்கு நான் கொடுத்த மரியாதையை என் சொந்தத் தம்பிக்குக்கூடக் கொடுத்ததில்லை.

போன இலையுதிர் காலத்தில் அதை மிர்லாந்த் இரவல் கேட்டாள். மிர்லாந்த் எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தாள், ஹெய்ட்டிக்காரி. நடக்க முடியாத முதியவர்களின் வீட்டுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிவிடும் வேலை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக பஸ் இல்லாமல் திண்டாடுவாள். நல்ல பெண். என்னை மரியாதையாக 'மிஸ்யே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவாள். புத்தாண்டு அன்று பூசணி சூப் வைத்தால் ஒரு பானை எனக்கும் கொண்டுவருவாள். அதனால் கொடுத்தேன். கொடுக்கும்போது சொன்னேன்:

"ஃபிரேமோட சேத்துப் பூட்டு. சக்கரத்துல மட்டும் போட்டுடாத."

"சரி மிஸ்யே, சரி. பச்சக் கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்களே."

அவள் படி இறங்கும்போது மாடியிலிருந்து மறுபடியும் சொன்னேன். கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நடந்து வந்தாள். கையில் ஒரு முன் சக்கரமும், அதில் மாட்டிய என் பூட்டும். மீதி சைக்கிளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முன் சக்கரத்தின் கிளிப்பை விடுவித்தால் போதும், அரை நிமிஷ வேலை. அழுதாள். சம்பளம் வந்ததும் கொடுக்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொன்னேன். நான் அந்த மாதிரி ஆள் இல்லை. அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை, விசாரித்துப் பாருங்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வேலைக்கு நடந்தேன். ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து முட்டி போய்விட்டது. முதலாளி என்னை அடுப்பிலிருந்து எடுத்துப் பெட்டி மடிக்கிற மேஜையில் உட்காரவைத்தார். என் இடத்தில் வேறு ஒருவன் நின்றான். அவன் சுட்ட பேகலை நான் பெட்டியில் போட்டேன். அப்போது எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் நான் கத்துகிறவன் இல்லை. என் அப்பா கத்துவார், கத்தி முடித்ததும் மறந்துவிடுவார். எனக்கு அந்த வசதி இல்லை.

கோபம் திருடன் மேல். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வசந்தத்தில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். வெளியே விட மனசு வரவில்லை. கெட்டுப்போன முட்டியோடு அதைத் தினமும் தோளில் தூக்கிக்கொண்டு, நம் ஊர் இரும்புப் படிக்கட்டில் இரண்டு மாடி ஏறுவேன். ஏறும்போதெல்லாம் யோசிப்பேன். எவனோ ஒருத்தன் என் பச்சை சைக்கிளில் ஹாயாகப் போய்க்கொண்டிருக்கிறான், நான் இங்கே கழுதை மாதிரி சுமக்கிறேன். பூட்டு என்பது திருடனைத் தடுப்பதற்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் மாற்றி யோசித்தேன். அவனைத் தடுக்காத பூட்டு ஒன்று போட்டால் என்ன?

ஜூலை முதல் தேதி வந்தது. அன்றைக்கு இந்த ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாதி ஊர் வீடு மாறும். படிக்கட்டெல்லாம் ஃபிரிஜ், மெத்தை, வசவு. வேண்டாததை நடைபாதையில் வைத்துவிட்டுப் போவார்கள், வேண்டியவன் எடுத்துக்கொள்வான். அப்படிக் கிடந்த ஒரு நீல சைக்கிளை நான் எடுத்தேன். அவரவர் சோபாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

அதை வீட்டில் வைத்துச் சரிசெய்தேன். துடைத்து, சீட்டுக்குப் புது உறை போட்டு, காற்றடித்து, பார்த்தால் ஆசை வருகிற மாதிரி ஆக்கினேன். பிறகு பிரேக் கம்பிகளை ஓர் இழை மட்டும் விட்டுவைத்து அறுத்தேன். மெதுவாகப் பிடித்தால் பிடிக்கும், அழுத்திப் பிடித்தால் விட்டுவிடும். முன் சக்கரத்து நட்டுகளை விரலால் திருகும் அளவுக்குத் தளர்த்தினேன். எங்கள் தெரு எப்படிப்பட்டது என்று பார்த்திருப்பீர்கள். மேலே பூங்காவின் வேலி, கீழே லாரி போகிற சாலை, நடுவில் நெட்டுக்குத்தான சரிவு. திருடுகிறவன் அவசரத்தில் இருப்பான். அவசரத்தில் இருப்பவனுக்குக் கீழேதான் வழி.

கடையில் இருந்ததிலேயே மட்டமான கேபிள் பூட்டை வாங்கி, வாசல் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் பூட்டினேன். அவன் பூட்டை வெட்டாவிட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. என் பார்வையில் அது நியாயமான ஏற்பாடு.

நான் கணக்கில் எடுக்காதது மார்செலினை.

மார்செலின் எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கிறவள். குப்பை, குழாய், வாடகைச் சண்டை எல்லாம் அவள் தலையில். ஒவ்வொரு வருஷமும் வீடு மாறும் நாள் முடிந்த கையோடு, கைப்பிடியிலும் வேலியிலும் நிற்கிற எல்லா சைக்கிளுக்கும் ரோஜா நிற நாடா கட்டுவாள். உன்னுடையது என்றால் அவிழ்த்துவிடு. ஒரு வாரம் கழித்தும் நாடா இருந்தால் அது விட்டுவிட்டுப் போனவர்களுடைய சைக்கிள். பூட்டை வெட்டி, கட்டடத்தில் யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். பல வருஷமாக நடப்பது. எனக்கும் தெரியும்.

நீல சைக்கிளிலும் நாடா கட்டினாள். பார்த்தேன். வேலைக்குப் போகும்போதும் பார்த்தேன், வரும்போதும் பார்த்தேன். அவிழ்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவிழ்த்தால் அது என்னுடையது என்று ஆகிவிடும். பொறி வைக்கிறவன் பொறியில் தன் பேரை எழுதிவைப்பானா? அந்த வாரத்துக்குள் திருடன் வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் வரவில்லை. தேவைப்படும்போது ஒருத்தனும் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கினேன். மார்செலின் கேபிளை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பாரு ஃபெர்னான், இதுக்குப் பேரு பூட்டாம். கோழி வெட்டுற கத்திரியே போதும் போலிருக்கு. எந்த மடையன் வாங்கினானோ."

"யாருக்குக் குடுக்கப் போற?"

"வேற யாருக்கு? மிர்லாந்துக்குத்தான். பாவம், பஸ்ஸுக்கு நின்னு நின்னு காலு வீங்கிப் போச்சு அவளுக்கு. உனக்குத்தான் சைக்கிள் வேலை தெரியுமே, ஒரு தடவ பாத்துக் குடுத்துடு. கிழவனா லட்சணமா ஒரு நல்ல காரியம் பண்ணு."

நான் உட்கார்ந்து பார்த்தேன். பெடலைச் சுற்றினேன். மேலே போய் எண்ணெய் டப்பாவை எடுத்துவந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன். நன்றாகவே போட்டேன், ஒவ்வொரு கண்ணியாக.

"எப்பிடி இருக்கு?" என்றாள்.

"சங்கிலி நல்லா இருக்கு" என்றேன்.

அது பொய் இல்லை. சங்கிலி நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மிர்லாந்த் வந்தாள், சுடச்சுட வாழைக்காய் வறுவலோடு. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

"மிஸ்யே, இந்தத் தடவ ஒழுங்காப் பூட்டப் போறேன். எந்தப் பூட்டு வாங்கட்டும்? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. பேங்குக் கதவுக்குப் போடுற பூட்டெல்லாம் சொல்லாதீங்க, நான் முதியோரைக் குளிப்பாட்டுறவ."

உட்காரச் சொன்னேன். உங்களுக்கு முதலில் சொன்ன அத்தனையும் அவளுக்குச் சொன்னேன். கேபிள் வேண்டாம். சங்கிலிப் பூட்டு நல்லது, ஆனால் நல்லதாக இருந்தால் கனக்கும், ஒரு நாளைக்கு நாலைந்து வீடு போகிறவள் அதைச் சுமக்க முடியாது. சின்ன யு-லாக் போதும். எண் திருகுகிற பூட்டு வேண்டாம், சாவிப் பூட்டு வாங்கு. சாவித் துவாரம் தரையைப் பார்க்கிற மாதிரி மாட்டு, அப்போதுதான் மழையும் பனியும் உள்ளே இறங்காது. பொறுமையாகச் சொன்னேன். ஒரு தகப்பன்கூட அத்தனை பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டான்.

எங்கே மாட்டுவது என்று காட்டுவதற்காகச் சுவரிலிருந்து சக்கரத்தை இறக்கினேன். என் பச்சை சைக்கிளின் முன் சக்கரம். அடுப்படிச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தேன், சாப்பிடும்போது எதிரே தெரியும்.

அவள் முகம் மாறிவிட்டது. "இன்னுமா இத வெச்சிருக்கீங்க?"

"ஆணி அடிச்சாச்சு. சும்மா கிடக்கட்டும்."

"என்னாலதான் மிஸ்யே. உங்க முட்டிகூட என்னாலதான்."

"விடு. அதெல்லாம் முடிஞ்சு போச்சு."

சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள், அடங்கவில்லை. "இல்ல மிஸ்யே, தெருவெல்லாம் இந்த ஒத்தச் சக்கரத்தத் தூக்கிட்டு வந்தேனே. மீதி சைக்கிள் எங்கம்மான்னு ஒரு தாத்தா கேட்டாரு!"

நானும் சிரித்தேன்.

அதற்கு ஒரு நொடி முன்புவரை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். பிரேக்கை நாளைக்கு மாற்றித் தருகிறேன், ஒரு நாள் பொறு என்று சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. அவள் சிரித்ததற்கும் நான் சொல்லாமல் விட்டதற்கும் சம்பந்தம் இல்லை. வறுவல் ஆறிக்கொண்டிருந்தது, அதைச் சாப்பிட்டோம்.

மறுநாள் அவள் கடைக்கு நடந்து போய்ப் பூட்டு வாங்கினாள். அதற்கு அடுத்த நாள் காலை எனக்கு விடுமுறை. காபியோடு பால்கனியில் நின்றேன். மிர்லாந்த் கீழே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தாள். நிமிர்ந்து பார்த்துப் புதுப் பூட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"மிஸ்யே! சின்ன யு! சாவி போடுறது! சரியா?"

"சரி" என்றேன். கட்டைவிரலை உயர்த்தினேன்.

பூட்டை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சரிவின் பாதி வரைக்கும் நிதானமாகத்தான் போனாள். பிறகு கீழே சிக்னல் சிவப்பானது. அவள் பிரேக்கை அழுத்திப் பிடித்தாள். சத்தத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, லாரி ஓட்டியவர் சொல்லியிருப்பார்.

நான் படியிறங்கிப் போனேன். முட்டி வலியால் கொஞ்சம் தாமதம் ஆனது. மார்செலின் எனக்கு முன்னால் போய்ச் சாலையில் மண்டியிட்டு மூச்சு நின்றுபோன மிர்லாந்தின் தலையை மடியில் வைத்திருந்தாள். "ஃபெர்னான், நீ பாத்தியே, நீ பாத்துக் குடுத்தியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சங்கிலியை மட்டும் பார்த்தேன் என்று அவளிடம் சொன்னேன். என் பதில் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சைக்கிள் லாரிக்கு அடியில் இருந்தது. முன் சக்கரம் தனியாகக் கழன்று உருண்டுபோய்ச் சலவைக் கடை வாசலில் சாய்ந்து நின்றது. பூட்டுக்கு ஒரு கீறல் இல்லை. நல்ல பூட்டு, யாராலும் உடைக்க முடியாது.

உங்கள் போலீஸ் ஆட்கள் பிரேக் கம்பியின் முனையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். நான் எதையும் மறைக்கவில்லை. கம்பியை அறுத்தது நான், நட்டைத் தளர்த்தியது நான், நாடாவைப் பார்த்தது நான், யாருக்குப் போகிறது என்று தெரிந்தும் பேசாமல் இருந்தது நான். இதில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதுங்கள். நான் வைத்தது திருடனுக்கு. அந்தத் திருடன் இன்னும் வெளியேதான் திரிகிறான், அவனைப் பற்றி உங்களில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. மிர்லாந்த் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இரண்டு தடவை சொன்னேன் அவளிடம், ஐயா. கொடுக்கும்போது ஒரு தடவை, மாடியிலிருந்து ஒரு தடவை. சக்கரத்தில் மட்டும் போடாதே என்று.