ஒரே மூச்சில்

ஜப்பான்காரன் காலம். மலாயாவின் தம்பின் ஊரில், அரிசி வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தோட்டத்துப் பெண்கள் நின்றார்கள். மூத்தவள் நெற்றியில் பொட்டு இல்லை.

"குண்டு விழுந்த அன்னிக்கு, ரத்தம் வராதவங்களத்தான் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் முதல்ல தேடுனாரு," என்றாள் அவள்.

"அது என்னக்கா நியாயம்?"

"கிட்டத்துல வெடிச்சா வெளிய கீறலே இருக்காதாம், நுரையீரல் உள்ளுக்குள்ள கிழிஞ்சிருமாம். காலைப் பெரட்டுல பேர் கூப்பிடுற மாதிரி கூப்பிடச் சொல்லி, வேலை வாங்குற மண்டோர அனுப்புனாரு. லயத்து நம்பரும் வீட்டு நம்பரும் ஒரே மூச்சுல சொல்ல முடியாதவங்கள உடனே ஆஸ்பத்திரிக்குள்ள தூக்கிட்டுப் போனாங்க."

"ஒங்க வீட்டு அண்ணன் மேலயும் கீறல் இல்லயே."

"இல்ல. மூச்சுதான் வாங்குச்சு. பெரட்டுல அவருக்கு எப்பவும் நான்தான் குரல் குடுப்பேன், மண்டோருக்கும் அது பழக்கம். அன்னிக்கும் பாவம் இருமுறாரேன்னு அவரு நம்பர நானே சொல்லிட்டேன். மண்டோர் அடுத்த பேரக் கூப்பிட்டாரு."



வரிசை நகர்ந்தது. கணக்கு எழுதும் கிராணி நிமிர்ந்து மூத்தவளிடம் பேர் கேட்டார். அவளுக்குக் குரல் வரவில்லை. இளையவள் சொல்ல வாயெடுத்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, அவளே சொல்லட்டும் என்று காத்து நின்றாள்.