சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது

பெயர்: பொன்னியம்மாள். வயது சுமார் முப்பத்தெட்டு. கணவர் பெயர் நாராயணசாமி. தொழில் விவசாயம். இருப்பிடம்: சித்தூர் ஜில்லா, புத்தூர் தாலுகா, நாராயணவனத்தை அடுத்த மேட்டுக்குப்பம், கீழ வீதி. 1960-ஆம் வருடம் ஜனவரி மாதம் 23-ஆம் தேதி சனிக்கிழமை, போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் விசாரிக்கையில் சொன்னது.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எனக்குத் தெலுங்கு பேச வரும். எழுதப் படிக்கத் தமிழ் மட்டுமே தெரியும். ஆகையால் தமிழில் எழுதும்படி கேட்டுக்கொண்டதன் பேரில் ஏட்டு நாகபூஷணம் எழுதுகிறார்.

என் கணவருக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு கிணற்றில் சேறு வாரும்போது மேலிருந்த கல் சரிந்து முதுகில் விழுந்தது. அது முதல் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கைகள் நன்றாக இருக்கின்றன. அவரைக் கூடத்தில் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்து வருகிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு என் கணவரின் தம்பி தாமோதரனுடையது. பாகம் பிரிந்தபோது தோட்டத்துக்கு நடுவில் மண்சுவர் வைத்தார்கள். அது என் மார்பு உயரம் இருக்கும். சுவரின் கடைசியில் மாடு போக வர ஒரு திறப்பு உண்டு. அவன் பக்கம் சுவரை ஒட்டி வைக்கோல் போரும், வேர்க்கடலை கொட்டி வைக்கும் கொட்டகையும் இருக்கின்றன.

இந்த வருடம் மழை அதிகமானதால் ஏரிக்கரையில் இருந்த பெருச்சாளிகள் ஊருக்குள் ஏறிவிட்டன. தாமோதரன் கொட்டகையில் தின்றுவிட்டு, சுவருக்கு அடியில் வளை தோண்டி, எங்கள் தோட்டத்திலும் அடுப்பங்கரையிலும் மண்ணைத் தள்ளின. கோழிக் குஞ்சுகளைத் தூக்கிப் போயின. கருணைக் கிழங்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பெருச்சாளி தோண்டாதபடி கொட்டகையில் கெட்டித் தளம் போடும்படி தாமோதரனிடம் சொல்லியனுப்பினேன். அவன் கேட்கவில்லை.

மார்கழி மாதம் ஒருநாள் காலையில் விடிந்து எழுந்து என் கணவரைத் துடைத்துவிடப் போனேன். அவர் விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வையின் கால்மாட்டில் ஈரமாக இருந்ததால் ஒன்றுக்குப் போய்விட்டார் என்று நினைத்து விலக்கிப் பார்த்தேன். வலது காலில் இரண்டு விரல்களின் நுனி இல்லை. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பெருச்சாளி கடித்துத் தின்றிருக்கிறது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாத்துக்கு அப்படிப் பாக்குற?" என்று கேட்டார். காலைத் துணியால் சுற்றினேன். அதன் பிறகு அவரே துணியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அன்று முழுவதும் அவர் சோறு சாப்பிடவில்லை.

அன்று காலையே கட்டிலுக்கு அடியில் மூலையில் அந்தப் பெருச்சாளி இருக்கக் கண்டு உலக்கையால் அடித்தேன். அது பின்னங்காலில் நின்று என்னைப் பார்த்துச் சீறியது. மூன்று நான்கு அடிக்குப் பிறகும் உயிர் போகவில்லை. உலக்கையை அதன் மேல் நிறுத்தி என் எடை முழுவதையும் போட்டு அழுத்தினேன். அதன் பிறகு வளைகளில் கொதிக்கிற வெந்நீர் ஊற்றினேன். வெந்த குட்டிகள் மேலே வந்தன. பெரியவை வேறு வழியாகப் போய்விட்டன. பொங்கல் முடிந்த பிறகு புத்தூர்க் கடையில் எலிப் பாஷாணம் வாங்கி, கருவாட்டில் தடவி வளை வாயில் வைத்தேன். ஒரு பெருச்சாளி அதைத் தின்று தாமோதரன் தோட்டத்தில் போய்ச் செத்துக் கிடந்திருக்கிறது. அதை அவன் நாய் தின்று செத்துவிட்டது. அந்த நாயை அவன் குட்டியிலிருந்து வளர்த்தவன். தான் சாப்பிட்டால் அதற்கும் போடாமல் சாப்பிட மாட்டான்.

தாமோதரன் செத்த நாயைத் தூக்கி வந்து என் கணவரின் கட்டில் மேல், அவர் கால்களின் மேல் போட்டான். "உனுக்கு இது கூடத் தெரியலையே நைனா" என்று அவரைப் பார்த்துச் சொன்னான். என்னைப் பார்த்து, இனி சுவரண்டை கை வைத்தால் கை இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனான். நாயை நான்தான் எடுத்துப் புதைத்தேன். தெரிந்து செய்யவில்லை என்று அவன் மனைவியிடம் சொன்னேன். அதை அவனிடம் சொன்னாளோ இல்லையோ எனக்குத் தெரியாது.

விஷம் இனி வைப்பதில்லை என்று முடிவு செய்து, ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும், எலி பிடிக்கிற யானாதி ஜாதியைச் சேர்ந்த கங்கையாவையும் அவர் மனைவி சந்திரம்மாவையும் போய் அழைத்தேன். கங்கையாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வளையில் கிடைக்கிற கடலையும், பிடிக்கிற பெருச்சாளிகளும் அவர்களுக்கு என்று பேசினோம். ஊர் வழக்கம் அதுதான். தாமோதரன் மிரட்டியதையும் நான் கங்கையாவிடம் சொன்னேன். சுவருக்கு இந்தப் பக்கம்தானே தோண்டப் போகிறோம் என்றார்.

நேற்று முன்தினம் வியாழக்கிழமை காலையில் இருவரும் வந்தார்கள். வீட்டுக்குள் புகை வரும் என்பதால் என் கணவரைக் கட்டிலோடு வேப்பமரத்தடியில் கொண்டு போய் வைத்தோம். சந்திரம்மா அடியில் ஓட்டையிட்ட பானையில் வைக்கோலைத் திணித்து, நெருப்பு வைத்து, பானையின் வாயை வளையோடு சேர்த்து மண் பூசி, ஓட்டை வழியாக ஊதினாள். மற்ற வாய்களில் புகை வந்தது. பிறகு பெருச்சாளிகள் வந்தன. கங்கையா ஒவ்வொன்றாகத் தடியால் பிடரியில் அடித்தார். தப்பியவற்றை நான் உலக்கையால் அடித்தேன். ஒன்று என் முழங்காலுக்குக் கீழே பல் பதித்தது. அந்தக் காயத்தைக் காட்டியிருக்கிறேன். ஒன்று கட்டிலுக்கு அடியில் ஓடியது. என் கணவர் கை நீட்டித் தடி கேட்டார். கங்கையா தன் தடியைக் கொடுத்தார். என் கணவர் கட்டிலிலிருந்து பாதி உடம்பு தொங்க, அதை அடித்தார். செத்த பிறகும் அடித்தார். போதும் என்று யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு தண்ணீர் கேட்டுக் குடித்தார். கிணற்றில் அடிபட்ட பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சாக்கு பாதி நிறைந்த பிறகு, பெரிய வளை சுவருக்கு அடியில் போவதைக் கங்கையா கண்டுபிடித்தார். சுவரைத் தொடாமல் அதன் அடியில் குழி பறித்து, குப்புறப் படுத்து, வலது கையைத் தோள் வரை வளைக்குள் விட்டு, கடலையை வாரி வாரி வெளியே போட்டார். சந்திரம்மா கூடையில் அள்ளினாள்.

அப்போது தாமோதரன் அவன் பக்கத்திலிருந்து சுவருக்கு மேலே பார்த்தான். அது என் கொட்டகைக் கடலை, கையை எடுடா என்று சொன்னான். கங்கையா தலையைத் தூக்காமல் தெலுங்கில், "ஒக்க நிமிஷம் சாமி, தல்லி உந்தி லோப்பல" என்றார். ஒரு நிமிடம் பொறுங்கள், தாய்ப் பெருச்சாளி உள்ளே இருக்கிறது என்பது அதன் அர்த்தம். தாமோதரன் தலை மறைந்தது. கொட்டகைக்குள் போய்விட்டான் என்று நினைத்தேன்.

சிறிது நேரத்தில் சுவருக்கு அடியில் மண் பெயர்ந்து, வளை வழியாகக் கடப்பாரையின் முனை வந்தது. அவன் பக்கத்து வளை வாயிலிருந்து அவன் குத்தியிருக்கிறான். அது கங்கையாவின் தோளைச் சிராய்த்துக்கொண்டு போனது. கங்கையா கத்தினார். கையை இழுக்கப் பார்த்தார். மண் சரிந்து கையை இறுக்கிக்கொண்டதால் வரவில்லை. என் கணவர் கட்டிலில் இருந்தபடி, "டேய் தாமு, ஆள் கீறான்டா, நிறுத்து" என்று உரக்கச் சொன்னார். இது மூன்று வீடு தள்ளியும் கேட்டிருக்கும். கடப்பாரை பின்னால் போயிற்று. தாமோதரன் மறுபடி சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தான். கங்கையா படுத்திருந்ததைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் அண்ணனையும் பார்த்தான். பிறகு குனிந்தான். கடப்பாரை இரண்டாம் முறை அதே வழியாக வந்து கங்கையாவின் காதுக்குக் கீழே கழுத்தில் இறங்கியது.

முதல் குத்து தெரியாமல் விழுந்தது என்று அவன் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். எனக்கு அது தெரியாது. இரண்டாவது குத்து பார்த்துவிட்டுக் குத்தியது.

சந்திரம்மா கங்கையாவின் கால்களைப் பிடித்து இழுத்தாள். ரத்தம் குழியில் இருந்த கடலையின் மேல் பாய்ந்தது. நான் உலக்கையோடு திறப்பு வழியாக அந்தப் பக்கம் ஓடினேன். தாமோதரன் கடப்பாரையைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவன் அதை என் மேல் ஓங்கினான். நான் அவன் வலது முன்கையில் உலக்கையால் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கடப்பாரை விழுந்தது. அவனும் விழுந்தான். விழுந்த பிறகு அவன் முழங்காலில் இன்னொரு அடி அடித்தேன். அப்போது அவன் கையில் ஒன்றும் இல்லை. "அண்ணி வேணாம்" என்று சொன்னான். சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் அடித்தேன். உனக்கு ஆபத்து வரும் என்று பயந்து அடித்தாயா என்று சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்டதற்கு, முதல் அடிக்கு ஆம், இரண்டாம் அடிக்கு இல்லை என்று பதில் சொல்கிறேன்.

அதன் பிறகு, என் கணவரைக் கூடத்துக்குள் கொண்டு போய்ப் பார்த்துக்கொள்ளும்படி எதிர்வீட்டாரிடம் சொல்லிவிட்டு, எங்கள் மாட்டு வண்டியில் கங்கையாவைப் போட்டு, சந்திரம்மா மடியில் அவர் தலையை வைத்துக்கொள்ள, நானே ஓட்டிக்கொண்டு புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கட்டுப் போட்டு, திருப்பதிக்குக் கொண்டுபோகும்படி சொல்லி, எங்கள் மூவரையும் ஒரு லாரியில் ஏற்றிவிட்டார்கள். வடமாலைப்பேட்டை தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. சந்திரம்மா அழவில்லை. தன் முந்தானையில் எச்சில் தொட்டு அவர் காதில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். லாரிக்காரர் நிறுத்தட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், காது சுத்தமாகட்டும் என்றாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அவளையும் உடலையும் விட்டுவிட்டு, நேற்று வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் புத்தூர் வந்து, ஆஸ்பத்திரியில் விட்டிருந்த வண்டியை ஓட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். வீட்டுக்கு வந்தபோது நடுச்சுவர் இடிந்து கிடந்தது. கங்கையா படுத்திருந்த குழி மண்ணுக்கு அடியில் போயிருந்தது. வளை தோண்டியதால் சுவர் தானாக யானாதியின் மேல் விழுந்தது என்று தாமோதரன் மனைவி ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாள். தாமோதரன் சித்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு, அதையே தெலுங்கில் புகாராக எழுதிக் கொடுத்திருப்பதாகவும், கங்கையாவைத் தூக்கப் போன தன்னையும் நான் அடித்ததாக அதில் எழுதியிருப்பதாகவும் இங்கே படித்துக் காட்டினார்கள். அது பொய். கங்கையா குத்துப்பட்டபோது சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது. நான் வண்டி கட்டிப் புறப்பட்டபோதும் நின்றது. இடித்தவர்கள் மண்வெட்டி போட்ட வெட்டு, விழுந்த கட்டிகளில் இன்னும் தெரிகிறது. சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் வந்து பார்க்கலாம்.

நேற்று மத்தியானம் எங்கள் ஊர்ப் பெரியவர் ரங்கையா வீட்டுக்கு வந்தார். ராஜ்ய எல்லை மாறித் திருத்தணி மதராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது, இந்தப் பக்கத்திலும் எந்தெந்த ஊர் போகும் எது நிற்கும் என்று தெரியாத நேரம், ஸ்டேஷனும் கோர்ட்டும் மாறினால் இந்தக் கேஸை யாரும் தேட மாட்டார்கள் என்றார். சுவர் விழுந்தது என்று நீயும் சொல்லிவிட்டால் தாமோதரன் உன் மேல் கொடுத்ததை வாபஸ் வாங்கிக்கொள்வான் என்றும் சொன்னார். "ஒரு யானாதிக்காக நீ ஜெயிலுக்குப் போயிட்டா இந்த மனுஷனை யார் தூக்கி உக்கார வெப்பாங்க?" என்று என் கணவரைக் காட்டிக் கேட்டார். 

 ரங்கையா போன பிறகு என் கணவர், கல் விழுந்த அன்றைக்குக் கிணற்றில் இறங்கித் தன்னைத் தோளில் போட்டு ஏற்றியவன் தாமோதரன்தான் என்று சொன்னார். ஆமாம் என்றேன். மேலே வரும்வரை அவன் அழுதுகொண்டே ஏறினான் என்று சொன்னார். அதற்கும் ஆமாம் என்றேன். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். பார்த்ததைச் சொல்லப் போகிறேன், நான் அடித்ததையும் சொல்லப் போகிறேன், அவன் உன் தம்பி, இனி உன் கையால் சோறு வேண்டாம் என்று நீ சொன்னாலும் சரி என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அழுதேன்.

இன்று விடிந்ததும் நான் புறப்பட்டபோது அவர் என்னைக் கூப்பிட்டார். "நான் நிறுத்துன்னு கத்தினேன். அவன் என்னைப் பாத்தான். பாத்துட்டுதான் குனிஞ்சான். அதை நீ சொன்னா கொழுந்தன் மேல பகையில சொல்றன்னுவாங்க, கூடப் பொறந்த நானே சொல்றேன். என்னைக் கட்டிலோட தூக்கி வண்டியில வெச்சுக்கினு போ" என்றார்.

என் கணவர் இப்போது ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் வண்டியில் படுத்திருக்கிறார். அவரால் படியேற முடியாது. ஏட்டு அவர்கள் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு வண்டியண்டை வந்து அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். வெயில் ஏறுகிறது.

எழுதியதை ஏட்டு எனக்குப் படித்துக் காட்டினார். சில இடங்களில் 'யானாதி ஆள்' என்று இருந்ததைக் கங்கையா என்று பெயர் போட்டுத் திருத்தச் சொன்னேன், திருத்தினார். இதில் உள்ளது நான் கண்ணால் கண்டதும் கையால் செய்ததும். யார் சொல்லியும் கூட்டவில்லை, யாருக்காகவும் குறைக்கவில்லை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
நா. பொன்னியம்மாள்