கடைசிச் சரணத்தைப் பாட விடுங்கள்

அவைக்குத் தலைமை தாங்கி, நடுக்கதிரையில் நிறைந்து வீற்றிருக்கும் இசை மாலைக் குழுவின் தலைவர் கதிர்காமநாதன் ஐயா அவர்களே, கொழும்பிலிருந்து நெடுந்தூரம் வந்து, கழுத்து நிறைந்த மாலையோடு அமர்ந்திருக்கும் பிரதம விருந்தினர் செல்வநாயகம் ஐயா அவர்களே, ஆன்றோரே, சான்றோரே, ஒட்டுசுட்டானிலிருந்தும் கொக்கிளாயிலிருந்தும் பஸ் மாறிப் பஸ் ஏறி வந்து சேர்ந்த பெரியோரே, பிள்ளையை மடியிலே உறங்க வைத்துவிட்டுத் தாங்கள் மட்டும் விழித்திருக்கும் தாய்மாரே, கதிரை கிடைக்காமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் இளையோரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்னும் ஒருவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். அதோ, பக்கவாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் புறப்பட்டு நிற்கிறாளே, நம் பாடகி அனோஜா. அவளுக்கும் என் வணக்கம். அவளிடம் மட்டும் வணக்கத்தோடு மன்னிப்பையும் கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் விமலேஸ்வரி. கனகராயன்குளத்தில் தபால் கந்தோரில் வேலை. பட்டிமன்றங்களில் என் குரலைக் கேட்டிருப்பீர்கள். அடுத்த மாதம் கிளிநொச்சியிலும், அதன்பின் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் நடக்கவிருக்கும் பெரும் இசை நிகழ்ச்சிகளை அறிவிக்கின்ற இந்த அறிமுக மாலையில், வாழ்த்துரை வழங்கும்படி என்னை அழைத்தார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். வருகிற வழியெல்லாம் பஸ்ஸிலிருந்து வார்த்தைகளைக் கோத்துக்கொண்டும் வந்தேன். ஆனால் சற்று முன் இந்த மேடையில் நடந்ததைப் பார்த்த பிறகு, என் வாயில் வாழ்த்து வரவில்லை. கோபம்தான் வருகிறது. கோபத்தோடுதான் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்க முடியாதவர்கள் எழுந்து போகலாம், வாசல் திறந்துதான் கிடக்கிறது.

என்ன நடந்தது இங்கே? நீங்களே பார்த்தீர்கள். அனோஜா பாடிக்கொண்டிருந்தாள். விதுசன் தம்பி கீபோர்ட் வாசித்தார். பல்லவி முடிந்தது, முதற்சரணம் முடிந்தது, இரண்டாம் சரணமும் முடிந்தது. கடைசிச் சரணத்துக்கு அவள் மூச்செடுக்கிறாள். அந்த நேரம் பார்த்துப் பிரதம விருந்தினரின் வாகனம் வாசல் படலையடியில் வந்து நிற்கிறது. உடனே அறிவிப்பாளர் ஓடிவருகிறார். "கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி, ஆள் வந்திட்டார்" என்று சொல்லி அவளுடைய கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்குகிறார். பாண்டு வாத்தியம் முழங்குகிறது. நாமெல்லோரும் எழுந்து வாசலைப் பார்க்கிறோம். மாலை போட்டார்கள், விளக்கேற்றினார்கள், வரவேற்புரை நடந்தது, தலைமையுரை நடந்தது, பதாகையைத் திரைநீக்கம் செய்தார்கள். பாட்டு எங்கே போனது? பாதி வாயோடு நின்ற பிள்ளை எங்கே போனாள்? இங்கே இருந்த ஒருவராவது கேட்டீர்களா?

ஓம் தம்பி, நீர் சுவரடியிலை நிண்டு கத்தினது எனக்கும் கேட்டது. "பாட்டைப் பாட விடுங்கோ" எண்டு கத்தினீர். நன்றி. ஆனால் நீரும் பிறகு பாண்டு வாத்தியத்தைப் படம் பிடிக்கப் போயிட்டீர், அதையும் நான் பாத்தனான்.

அன்பானவர்களே, பாட்டை நிறுத்தினால் விருந்தினருக்கு மரியாதை என்று நமக்கு யார் சொன்னது? எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது? கோயில் திருவிழா மேடையிலும் இதுதான், பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும் இதுதான், கடை திறப்பிலும் இதுதான். யாராவது ஒரு பெரிய மனிதரின் வாகனம் வாசலில் திரும்பினால் போதும், மேடையில் பாடுகிறவரின் கழுத்தை நெரித்துவிடுகிறோம். வேறு எதையாவது இப்படி நிறுத்துகிறோமா? பூசையை நிறுத்துகிறோமா? பந்தியை நிறுத்துகிறோமா? பேச்சைத்தான் நிறுத்துகிறோமா?

பாருங்கள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைவர் ஐயா எனக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். என் நேரம் முடியப்போகிறதாம். ஐயா, கோபிக்க வேண்டாம், இந்தத் துண்டே எனக்குச் சாட்சி. பேச்சாளருக்கு நீங்கள் துண்டு அனுப்புகிறீர்கள். மெல்ல மணி அடிக்கிறீர்கள். சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். இந்த வன்னி மண்ணில் எத்தனை அறுவைப் பேச்சுக்களைப் பொறுமையோடு கேட்டிருக்கிறோம். பேச்சுக்கு அவ்வளவு பொறுமை. பாட்டுக்கு மட்டும் ஏன் பாண்டு வாத்தியம்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வராது.

செல்வநாயகம் ஐயா, உங்களிடம் நேராகவே ஒன்று கேட்கிறேன். நான் வரும்போது பாட்டை நிறுத்துங்கள் என்று நீங்கள் கேட்டீர்களா?

ஐயா இல்லையென்று தலையை ஆட்டுகிறார். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள். கொடுங்கோ, அவரும் சொல்லட்டும்.

கேட்டீர்களா சபையோரே? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிராது, நானே திருப்பிச் சொல்கிறேன். "நான் கேக்கேல்லை அம்மா. பாட்டு முடியட்டும் எண்டு வாசலிலைதான் நிண்டனான். கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தவை. நானும் பாட்டுக் கேக்கத்தானே வந்தனான்" என்கிறார். கேட்டீர்களா? விருந்தினர் கேட்கவில்லை. பாடியவள் கேட்கவில்லை. சபை கேட்கவில்லை. ஒருவரும் கேட்காத மரியாதையை ஒருவருக்குச் செய்ய, ஒரு பிள்ளையை இத்தனை பேர் முன்னிலையில் அவமானப்படுத்தினோம். இந்தப் பிழையை வெளியிலிருந்து யாரும் வந்து நமக்குச் செய்யவில்லை. நாமே செய்தோம், நல்ல எண்ணத்தோடு செய்தோம், எழுந்து நின்று செய்தோம்.

இனிச் சுவரிலே தொங்குகிற பதாகைக்கு வருவோம். சென்னையிலிருந்து வரும் பாடகர்களுக்குப் படம் போட்டிருக்கிறது. நல்லது, அவர்கள் வரட்டும், வாயாரப் பாடட்டும், மனமாரக் கேட்போம். விருந்தினர்களுக்கும் படம் போட்டிருக்கிறது. அதுவும் இருக்கட்டும். அடியிலே, கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத எழுத்தில் என்ன இருக்கிறது? "மற்றும் உள்ளூர்க் கலைஞர்கள்." இதுதான் அனோஜாவின் பெயர். இதுதான் விதுசனின் பெயர். சனம் சேரும் வரைக்கும் பாட இவர்கள் வேண்டும். சனம் சேர்ந்த பிறகு இவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

சரி, பெயரை விடுங்கள். அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லத்தான் நான் இந்த ஒலிவாங்கியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பாட்டை உங்களுக்கெல்லாம் தெரியும். "பெரியவரே, பெரியவரே, எங்கட வயலுக்கு வராதேங்கோ" என்று யானையிடம் கெஞ்சுகிற பாட்டு. காவல் கொட்டிலில் இருந்து தகரம் தட்டுவதும், யானைவெடி நனைந்துபோய்ப் புஸ்ஸென்று அடங்குவதும், யானை ஆறுதலாக நின்று நெற்கதிரைத் தின்பதும் பாட்டிலே வரும். அனோஜாவே எழுதி, அனோஜாவே மெட்டுப் போட்டது. போன வருசம் முல்லைத்தீவில் பாடினாள். அங்கேயும் ஒரு விருந்தினர் வந்தார், அங்கேயும் கடைசிச் சரணத்துக்கு முன் நிறுத்தினார்கள். அதுவரைக்கும் யாரோ கைபேசியில் படம் பிடித்திருந்தார்கள். அந்தத் துண்டுதான் ஊரெல்லாம் பரவியது. வவுனியாவில் பாடினாள், பொன்னாடை போர்த்த வேண்டுமென்று அங்கேயும் நிறுத்தினார்கள். இன்றைக்கு இங்கே நிறுத்தினோம்.

ஆகவே வன்னிக்குத் தெரிந்தது பாதிப் பாட்டு. அந்தப் பாதிக்குக் கலியாண வீடுகளில் ஆடுகிறீர்கள். பிறந்தநாளுக்கு ஆடுகிறீர்கள். யானை மாதிரிக் கையைத் துதிக்கையாக்கி, காதை விசிறிச் சின்னப்பிள்ளைகள் ஆடுகிறார்கள். சிரித்தாடும் முசுப்பாத்திப் பாட்டு என்று பெயரும் வைத்துவிட்டீர்கள்.

அது முசுப்பாத்திப் பாட்டு அல்ல, அன்பானவர்களே. அது ஒப்பாரி.

அனோஜாவின் தகப்பன் மாயாண்டி அண்ணை மலையகத்திலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு கனகராயன்குளத்துக்கு வந்தவர். காடு வெட்டினார், கிணறு வெட்டினார், கடைசிவரை தனக்கென்று ஒரு வயல் இல்லாமல் மற்றவர்களின் வயலுக்குக் காவல் இருந்தார். யாருடைய வயல்? இந்த மண்டபத்தில் இருக்கிற பலருடைய வயல். ஒட்டுசுட்டான் பக்கம், காட்டோரம், கதிர் முற்றிய காலத்தில் ஒரு பின்னேரம் சோற்றுப் பார்சலோடு காவலுக்குப் போனவர், காலையில் வீட்டுக்கு நடந்து வரவில்லை. தூக்கிக்கொண்டு வந்தார்கள். யானை அடித்துவிட்டது. அந்த வருசம் அந்த நெல் விளைந்தது, அறுத்தோம், புது நெல்லில் புதிரெடுத்தோம், பொங்கினோம்.

கடைசிச் சரணத்தில் மாயாண்டி அண்ணையின் பெயர் வருகிறது. அதே "பெரியவரே" என்ற சொல்லால் மகள் யானையிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். அது என்ன கேள்வி என்று நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, உரிமையும் இல்லை. நான் ஒரே ஒரு முறை அந்த வீட்டுக் குசினியில், அவள் அடுப்பூதிக்கொண்டு பாடக் கேட்டேன். அதன்பின் எந்தக் கலியாண வீட்டிலும் அந்தப் பாட்டுக்கு என் கால் அசைந்ததில்லை.

அவளுடைய தாய் சிவலட்சுமி அக்கா இந்தச் சபையில்தான் இருக்கிறா. கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். திரும்பிப் பார்க்காதீர்கள், அவாவுக்குக் கூச்சம். அவாவைக் கேட்டுத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். போன வைகாசியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தா. மாப்பிள்ளையின் தோழர்மார் அந்தப் பாட்டைப் போட்டு ஆடினார்கள். சிவலட்சுமி அக்கா சாப்பாட்டு இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனா. பிறகொருநாள் தபால் கந்தோருக்கு வந்தபோது என்னிடம் சொன்னா: "பிள்ளையள் ஆடினதிலை எனக்குக் கோவமில்லை விமலா. அதுகளுக்குத் தெரியாது. ஆனா அவரின்ரை பேரை ஒருக்கா மைக்கிலை கேக்கோணும். அதுக்குத்தான் நான் ஒவ்வொரு இடமும் பின்னாலை திரியிறன். பேர் வாறதுக்குள்ளை மேளம் அடிச்சுப்போடுறாங்கள்."

இப்போது சொல்லுங்கள். நாம் நிறுத்தியது வெறும் பாட்டையா? ஒருவருடைய கண்ணீரை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கூத்தாக்கினோம். ஒரு வீட்டின் சாவைக் கைதட்டி ஆடவைத்தோம். எனக்குக் கோபம் வராதா? உங்களுக்கு வரவில்லையா? வரவில்லை என்றால், அடுத்த மாதம் இசைநிகழ்ச்சி எதற்கு, சென்னையிலிருந்து பாடகர்கள் எதற்கு, வானவேடிக்கை எதற்கு? ஒரு பாட்டை முழுதாகக் கேட்கத் தெரியாத ஊருக்குப் பாட்டு எதற்கு?

சற்று முன் மேடைக்குப் பின்னால் அனோஜா என்னிடம் சொன்னாள். "அக்கா, இனி நான் மேடை ஏற மாட்டன். கிளிநொச்சிக்கும் வரமாட்டன். அம்மாவை இன்னும் எத்தினை இடத்துக்கு ஏமாத்திக் கூட்டிக்கொண்டு போறது?" என்றாள். கொஞ்சம் நில் என்று சொல்லிவிட்டுத்தான் ஒலிவாங்கிக்கு வந்தேன். பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே கதிர்காமநாதன் ஐயா, இந்தச் சபை சாட்சியாகக் கேட்கிறேன். அடுத்த மாதம் கிளிநொச்சியில் யார் வந்தாலும் வரட்டும். பாட்டு நடந்துகொண்டிருந்தால் அவர் வாசலில் நிற்கட்டும். மாலை காத்திருக்கட்டும், விளக்குக் காத்திருக்கட்டும், பாண்டு வாத்தியம் மூச்சடக்கி நிற்கட்டும். பாட்டு முடியட்டும். முடிந்த பிறகு மரியாதை செய்வோம், மனம் நிறையச் செய்வோம். இதற்குச் சம்மதித்து ஓம் சொல்லுங்கள் ஐயா.

தலைவர் தலையை அசைக்கிறார். தலையசைப்பு எனக்குப் போதாது ஐயா. வாயால் சொல்லுங்கோ, பின்வரிசைக்குக் கேக்கட்டும்.

"ஓம்" என்றார். எல்லோரும் கேட்டீர்கள். நன்றி ஐயா.

அடுத்த மாதத்துக்கு அது. இன்றைக்கு?

என் வாழ்த்துரைக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. எனக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் பேச இருக்கிறார்கள். அவர்கள் இருவரும் தங்கள் நேரத்தைத் தருகிறோம் என்று கைகாட்டுகிறார்கள். பெரிய மனது உங்களுக்கு. விதுசன் தம்பி, கீபோர்ட்டை மூடாதேங்கோ. சிவலட்சுமி அக்கா, முன்னுக்கு வாங்கோ. யாராவது அவாவின் கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கள். மேடையில் இருக்கும் இந்தக் கதிரை எனக்குப் போட்டது. இனி அது அவாவுக்கு. செல்வநாயகம் ஐயா தன் மாலையைக் கழற்றுகிறார், கழுத்து இறுக்கமாக இருக்கிறது போல. கழற்றுங்கள் ஐயா, ஆறுதலாக இருந்து கேளுங்கள்.

சபையோரே, உங்களிடம் ஒன்றே ஒன்று. முதல் இரண்டு சரணத்துக்கும் ஆடினீர்கள், கைதட்டினீர்கள். கடைசிச் சரணத்துக்கு இருந்த இடத்தில் இருங்கள். கைதட்ட வேண்டாம். படம் பிடிக்க வேண்டுமென்றால் முழுதாகப் பிடியுங்கள். பாதியை அனுப்பியவர்கள் இந்தப் பாதியையும் அனுப்புங்கள்.

என் கோபத்தைப் பொறுத்திருந்த அவைக்கு நன்றி. வேண்டாத மரியாதையை வேண்டாம் என்று சொன்ன விருந்தினருக்கு நன்றி. விடைபெறும் வணக்கத்தை நான் இப்போது சொல்லப்போவதில்லை. அவள் பாடி முடித்த பிறகு, மாயாண்டி அண்ணையின் பெயரைக் கேட்ட பிறகு, எல்லோருமாக எழுந்து நின்று சொல்வோம்.

அனோஜா, பையைக் கீழை வைச்சிட்டு வா பிள்ளை. இந்தா ஒலிவாங்கி. இதை உன்னட்டை இருந்து இனி ஒருத்தரும் வாங்க மாட்டினம்.

அம்மா முன்னுக்குத்தான் இருக்கிறா. பாடு.