ஐஸ் ஹொக்கி சட்டைக்கு ஓர் ஆள்

அன்று கொட்டாஞ்சேனை டிராமில் கொண்டக்டர், மீன் கூடையோடு ஒரு அம்மா, புடவைக்கடை வைத்திருக்கும் பருத்த முஸ்லிம் நானா, ஒல்லியான தையல் மாஸ்டர், பிறகு நான். அவ்வளவு பேர்தான். மாஸ்டர் சொன்னதைக் கேட்டு எனக்குத் திக்கென்றது.

“நானா, நாளைக்கு உங்கட தோளில ரெண்டு தலையணை கட்டோணும்.”

“என்னத்துக்கு மாஸ்டர்?”

“இங்கிலாந்து டீமுக்கு ஐஸ் ஹொக்கி சட்டை தைக்கிறன். ஐஸில சறுக்கி விளையாடுறவை விழுந்தா அடிபடாமல் உள்ளுக்குப் பஞ்சு மெத்தை கட்டுவினம். அதுக்கு மேல சட்டை ஏறுதோ எண்டு பாக்கோணும்.”

“வேற ஆளில்லையா?”

“கொட்டாஞ்சேனையில அந்த அளவுக்கு நீங்கள் ஒராள்தான். போன முறை சுவிஸ்காரருக்குப் போட்டுப் பாக்காமல் அனுப்பி, பாதி திரும்பி வந்திட்டுது. இந்த முறையும் வந்தா என்ர தொழிலே போச்சு.”

மீன்கார அம்மா சிரித்துவிட்டார். “கம்பளிச் சட்டை, தலையணை, இந்த வெயில்! நானா வெந்திடுவார்.”

எனக்கும் அதே பயம்தான். அவருக்கு மயக்கம் வந்தால் யார் தூக்குவது?

நானா இறங்க எழுந்தார். “வாரன் மாஸ்டர். தலையணையும் நானே கொண்டு வாரன். ஆனா வேர்வைக் கூலி ரெண்டு ரூபாயும் சேர்த்தா, கம்பளித் துணிக்கு நீங்க தர ஈக்கிற பாக்கி இப்ப அம்பத்திரெண்டு ரூபா.”