அதே வேலை செய்யிற ஒராள்

இல்லையக்கா, வயசுபோன ஆளொண்டைக் கொண்டுவந்து இங்க சேக்க நான் வரேல்ல. அப்பிடி நினைச்சிடாதேங்கோ. தண்ணி போதும். தேத்தண்ணி வேண்டாம், மத்தியானச் சாப்பாடு குடுக்கிற நேரத்தில உள்ளுக்கு எவ்வளவு வேலை கிடக்குமெண்டு எனக்குத் தெரியும். எங்கட வீட்டிலயும் இந்த நேரம் குசினிக்கும் கட்டிலுக்குமா ஓட்டம்தான்.

ஓம், தலைமன்னார் பியர், அந்தப் பழைய கப்பல்துறையடி. பேர் கிறிஸ்ரி. மாக்கிறட்டின்ர மனுசன்.

ஆ, பிடிச்சிட்டியள். ஓம் ஓம், அதே மாக்கிறட்தான். உப்புக்குளத்தில ஹமீட் நானாவின்ர இடத்தில நீங்கள் எல்லாரும் கூடினீங்களே, வயசுபோன ஆக்களை வச்சுப் பாக்கிற வீடு நடத்துற ஆக்கள் மட்டும். அதுக்கு ஒரேயொருக்கா வந்து பாதியில எழும்பிப் போனவ. உங்களுக்குக் கோவம் இல்லையோ? நீங்கள் பேந்தும் ஃபோன் எடுத்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். நம்பரைப் பாத்திட்டு ஃபோனைக் கவிட்டு வைப்பா. நான் கண்டனான்.

இருந்து கதைக்கவோ? சரி. இந்தக் கதிரையில இருக்கிறன். கனக்க நேரம் எடுக்கமாட்டன்.

மாக்கிறட் முந்திச் சைப்பிரசில வேலை செய்தவ, தெரியுமோ? ஒரு வெள்ளைக்கார மனுசியைக் கடைசி வரைக்கும் பாத்தவ. சாகேக்க அந்த மனுசி பெத்த பிள்ளையளின்ர கையை விட்டிட்டு இவவின்ர கையைத்தான் பிடிச்சதாம். திரும்பி வந்தவ தாய் தேப்பன்ர வீட்டைப் பெருப்பிச்சு இந்த வேலையைத் தொடங்கினா. ஏழு பேர். எல்லாற்றை பிள்ளையளும் வெளிநாட்டில. வீடு மணக்காது அக்கா. வந்து பாக்கிற ஆக்கள் முதல் சொல்லுறது அதைத்தான். அவவுக்கு அதில ஒரு பெருமை.

அந்தக் கூட்டத்தால வந்த அண்டைக்கு வீட்டில ஒரே குதி. ஹமீட் நானா தான் பாக்கிற ஒரு ஐயாவுக்குக் கை ஓங்கிப்போட்டன் எண்டு எல்லாருக்கும் முன்னால அழுதவராம். நீங்கள் அவரைச் சுத்தி இருந்து ஆறுதல் சொன்னனீங்களாம். கை ஓங்கினவனுக்கு முதுகு தடவ ஒரு கூட்டமோ எண்டு கேட்டா. அதோட, இதுகள் எல்லாம் எங்கட தொழில் செய்யிற ஆக்கள், எங்கட குறையைச் சொன்னா நாளைக்கு அது கனடாவில இருக்கிற பிள்ளையளின்ர காதில நிக்கும் எண்டா. நானும் ஓமெண்டு தலையாட்டினன். நான் வான் ஓடுறவன் அக்கா, எனக்கு என்ன விளங்கும்.

பேந்து ஹம்சிகா வேலையை விட்டிட்டுப் போட்டுது. மாக்கிறட் கையைப் பிடிச்சுப் பழக்கி எடுத்த பிள்ளை. அவ போன அதே சைப்பிரசுக்கு. குறை சொல்லேலாது, அதுக்கும் ஒரு சீவியம் வேணும். வேலை செய்த மற்றப் பிள்ளை பிள்ளைப்பேறெண்டு நிண்டிட்டுது. புதுசா வந்ததுகள் மூத்திரச் சீலை மாத்துறதைக் கண்டிட்டு, வீட்டை போய்ச் சொல்லிப்போட்டு வாறமெண்டு போனதுகள் வரேல்ல.

பேந்து தனி ஆள். ஞாயிறில பிள்ளையள் வீடியோ கோல் எடுப்பினம். இவ பூசையை விட்டிட்டு ஏழு பேரையும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தலை இழுத்து, விறாந்தையில இருத்தி, எல்லாம் நல்லாப் போகுது தம்பி எண்டு சிரிப்பா. கோலை வச்ச உடன முகம் அப்பிடியே விழுந்திடும். ஒருநாள் நான் வாறன், கொடியில ஈரச் சீலை பிடிச்சபடி நிண்டுகொண்டே நித்திரை. விஜிதா அக்காவுக்கு ஒருக்கா எடன் எண்டு உங்களைத்தான் சொல்லிப் பாத்தன். எடுத்து என்னத்தைச் சொல்லுறது, எனக்கு ஏலாமப் போச்சு எண்டு சொல்லுறதோ எண்டா.

ஓம் அக்கா, நீங்கள் கேட்டது சரி. ஏதோ நடந்துதான் வந்தனான்.

எங்களிட்டப் பேச்சியம்மா எண்டொரு மனுசி இருக்கு. மலையகத்தில இருந்து கலவரத்துக்க இந்தப் பக்கம் வந்ததுகள். மகள் குவைத்தில. இதின்ர தேப்பனும் தம்பிமாரும் அந்தக் காலம் எங்கட பியரிலதான் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவையாம். இது கலியாணம் கட்டினபடியா நிண்டிட்டுது. இப்ப எல்லாம் மறந்துபோச்சு, மகளின்ர பேரும் வராது, அந்தக் கப்பல் மட்டும் மறக்கேல்ல. சீலையை ஒரு பையில அடைஞ்சுகொண்டு, கப்பலு வந்துருச்சு, அப்பா நிக்கிறாரு எண்டு வாசலுக்கு ஓடும்.

போன கிழமை, நல்ல உச்சி வெயில். மாக்கிறட் சின்னத்தம்பி ஐயாவைக் குளிக்க வாத்துக்கொண்டு நிண்டவ. பாதியில விட்டிட்டு வரேலாதுதானே, வழுக்கி விழுந்திடுவார். வெளியில வந்து பாத்தா கேற் திறந்து கிடக்கு, பேச்சியம்மா இல்லை.

ஐயோ அக்கா, அவ ஓடின ஓட்டம். கைகாலெல்லாம் சவுக்கார நுரை. றெயில் ரோட்டால ஓடுறா, கடற்கரையால ஓடுறா. நான் மன்னாரில ஒரு ஹயர். ஃபோனில குழறுறா, என்ன சொல்லுறாவெண்டு எனக்கு விளங்கேல்ல. ஒரு நேவிப் பெடியன்தான் கண்டிருக்கிறான். அந்த உடைஞ்ச பியரின்ர நுனியில, பையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, ஒரு காலைக் கீழ விட்டபடி நிண்டுதாம். இன்னொரு அடி வச்சிருந்தாத் தண்ணிதான். பெடியனுக்குத் தமிழ் தெரியாது. குழந்தைப்பிள்ளையைத் தூக்குறமாதிரித் தூக்கிக்கொண்டு வந்து வாசலில இறக்கினவன்.

மாக்கிறட் ஓடிவந்து கட்டிப்பிடிப்பாவெண்டுதான் அவன் நினைச்சிருப்பான். இவ அடிச்சுப்போட்டா அக்கா. கன்னத்தில. பளாரெண்டு. பெடியன் தலையைக் குனிஞ்சுகொண்டு திரும்பிப் போனவனாம்.

பேச்சியம்மா அழேல்ல. கன்னத்தைத் தடவிப்போட்டு, அழுவாத புள்ள, நாளைக்கி வேற கப்பலு வரும், ஒன்னையும் கூட்டிக்கிட்டுப் போறேன் எண்டு சொல்லிச்சுதாம்.

அண்டையோட மாக்கிறட் முடிஞ்சுது.

கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தா. ஃபாதர் நல்ல மனுசன், ஆண்டவர் மன்னிச்சிட்டார் எண்டு சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து, ஃபாதர் ஆற்றையும் சீலை மாத்தினவரோ எண்டு கேட்டா. தமக்கைக்காரி, வீட்டை மூடிப்போட்டு நிம்மதியா இரன் எண்டா. ஏழு பேரை எங்க கொண்டுபோய் விடுறது? நான் மடையன், ஒரு அடிதானே, விடப்பா எண்டு சொல்லிப்போட்டன். என்னைப் பாத்தா பாருங்கோ ஒரு பார்வை, பேந்து என்னோடயும் கதை இல்லை.

நேற்று ஒரேயொரு வசனம் கதைச்சவ. சுவரைப் பாத்துக்கொண்டு. ஹமீட் நானா அதுக்குப் பிறகு அந்த ஐயாவுக்கு எப்பிடி வாயில சோறு தீத்தினவர் எண்டு கேட்டா.

பத்தொன்பது வருசமா ஒண்டாச் சீவிக்கிறம், அதுக்கு ஒரு பதில் என்னட்ட இல்லை. ஃபாதரிட்டயும் இல்லை. இந்த மன்னாரில அதைத் தெரிஞ்ச ஆக்கள் நீங்கள் ஐஞ்சாறு பேர்தான் இருக்கிறியள். அதான் இண்டைக்கு வானை எடுத்தனான்.

நீங்கள் ஏன் அழுறியள்? நான் அழப்பண்ண வரேல்ல.

உங்களுக்கும் நடந்ததோ?

சரி. சரியக்கா. எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்.

ஹமீட் நானாவுக்கு இப்பவே எடுக்கிறியளோ? எடுங்கோ, நான் இருக்கிறன்.

என்னவாம்? தானும் எங்கட வீட்டை வாறாராமோ? உதவிக்குத் தன்ர வேலைப் பிள்ளை ஒண்டையும் கூட்டிக்கொண்டோ? பின்னேரத்துக்குள்ளயோ? உங்கட பிள்ளையளிலயும் ஒராளோ? ஆண்டவரே. அவ எழும்பிப் போன கூட்டமக்கா இது. ஒருத்தரும் அதைச் சொல்லிக் காட்டேல்லயே.

இல்லை, அதுவரைக்கும் சமாளிப்பம். என்ர தங்கச்சி மற்ற ஆறு பேரோடயும் அங்க நிக்கிறா, அவவுக்குப் பின்னேரம் வரைக்கும் ஏலும்.

ஆறுதான் அக்கா. பேச்சியம்மா அங்க இல்லை. வெளியில வானுக்குள்ள இருக்கிறா. மாக்கிறட்டும்தான். உள்ள வா எண்டு கேட்டன், மாட்டனெண்டிட்டா.

அடிச்ச அண்டையில இருந்து தன்ர கையையும் பேச்சியம்மாவின்ர கையையும் ஒரு சீலைத்துண்டால சேத்துக் கட்டிக்கொண்டு திரியிறா. சமைக்கிறது, மற்ற ஆக்களைக் குளிப்பாட்டுறது, படுக்கிறது, எல்லாம் அப்பிடியே. அவிழ்க்கப் போனா என்னைக் கடிக்க வாறா. பேச்சியம்மாவின்ர கையில ஒரு கீறலும் இல்லை, அந்தப் பக்கம் பஞ்சு வச்சுத்தான் கட்டியிருக்கிறா. இவவின்ர மணிக்கட்டுத்தான் உரிஞ்சு சீழ் வைக்குது.

கத்திரிக்கோல் வேண்டாமக்கா, கண்டாப் பயந்திடுவா. சும்மா போய்ப் பக்கத்தில இருங்கோ. எனக்குச் சொல்லாததை அவவுக்குச் சொல்லுங்கோ.

இல்லை, நான் வரேல்ல. நான் நிண்டா அவ கதைக்கமாட்டா. உள்ளுக்கு ஆருக்குச் சோறு தீத்தோணும் எண்டு காட்டிப்போட்டுப் போங்கோ.