தூசு அடங்கும்வரை காவல் நின்றவருக்கு

காற்றைக் காவல் காத்த காவலரே! கடமையைக் கண்ணெனக் கொண்ட கண்ணியரே! இரும்பின் துருவை உரிக்கும் எங்கள் நெஞ்சுக்குள் தூசு புகாமல் துணை நின்ற தூயவரே! எங்கள் கப்பல் திருத்தும் பட்டறையின் கொம்ப்ரஸர் அறையை இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்டு, இன்று ஓய்வு பெறும் மாளிகாவத்தை தந்த மாமனிதர் அலவி நானா அவர்களே! உங்களுக்கு எங்கள் ஸலாமும் வணக்கமும்!

களஞ்சியத்து நிரோஷா இந்த விளிப்பை எட்டு வரிக்கு எழுதியிருந்தார். அதை வெட்டச் சொன்னவர், இதோ உங்கள் முன் நின்று இதை வாசிக்கும் இராமர்தான். "நான் வாசிக்கிறதுன்னா வசனத்த நறுக்கித் தாங்க தங்கச்சி. இல்லாட்டி பாதியில மூச்சு நின்னுரும்" என்றார். வேறு யாராவது வாசிக்கட்டும் என்றோம். முறைத்தார். அந்த முறைப்பு உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் வருவதற்கு முன் ஒன்பது வருடம், முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, அழுத்தக் காற்றில் மணலைப் பீச்சிக் கப்பல் தகட்டின் துருவை உரித்தவர் இராமர். நீங்கள் வந்த முதல் மாதமே, முற்றத்தில் மணல் மூட்டை கிடக்கும்வரை வால்வைத் திறக்கமாட்டேன் என்று, கொம்ப்ரஸர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்தீர்கள். அன்று பலர் உங்களைத் திட்டினோம். இராமர் கொஞ்சம் அதிகமாகவே திட்டினார். மணல் போய், நெஞ்சுக்குத் தீங்கு குறைந்த வேறு துகள் வந்தது. மூச்சுக்குத் தனிக் குழாய் வைத்த முகமூடியும் வந்தது. அந்தக் குழாய்க்குக் கொம்ப்ரஸர் காற்று இழுக்கும் வாயைத் தூசுப் பக்கமிருந்து கடற்பக்கம் திருப்பினீர்கள்.

ஆனால் எங்களைப் படாத பாடு படுத்தியது உங்கள் டோர்ச்தான். துகள் அடித்து முடித்தபின் முகமூடிக்குள் வேர்வை வழியும், மூக்கு அரிக்கும், கை பரபரக்கும். இராமர் ஒருநாள் கத்தினார்: "நானா, உள்ள அவிஞ்சு சாகுறேன், கழட்டிர்றேன்!" நீங்கள் துரு உரிக்கும் கூடாரத்து வாசலில் நின்று உள்ளே டோர்ச் அடித்தீர்கள். மிதந்த தூசில் வெளிச்சம் தடிபோல் தெரிந்தது. "வாணாம் மகன், இன்னும் தூள் ஈக்கி" என்றீர்கள். பின்னாலிருந்து மேற்பார்வையாளர் "அலவி, இக்மன் கரண்ட!" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார். நீங்கள் செவிடர்போல் நின்றீர்கள். அந்தத் தடி மறைய இருபது நிமிடம். தினமும் தேத்தண்ணி ஆறியது, தினமும் உங்களைச் சபித்தோம். இன்று அந்தச் சாபங்களை எல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிறோம்.

ஆறு வருடத்துக்கு முன் இராமரின் எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர், பழைய தூள் நெஞ்சில் தழும்பாகிவிட்டது, அது இனி ஆறாது என்றார். அன்றிலிருந்து அவர் பட்டறை வாயிற்கதவில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார் என்பது பேச்சுக்கு. உங்கள் இடத்துக்கு இனி ஆள் இல்லை, துகள் அடிப்பவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று நிர்வாகம் அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்து அவர் ஒரு நிமிடமும் உட்காரவில்லை.

உங்களுக்கு இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறோம். கடந்த வெள்ளி நீங்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போனபோது, இப்போது துகள் அடிக்கும் திலக்ஷன் அடித்து முடித்த கையோடு முகமூடியைக் கழற்றிவிட்டார். வாயிற்கதவிலிருந்து பார்த்த இராமர் ஓடினார். நாற்பது அடி தூரம், இரண்டு தடவை நின்றார். போய்ச் சேர்ந்தபோது திலக்ஷன் தும்மிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள்தானே அண்ணே" என்றார் திலக்ஷன்.

"நானும் அப்பிடித்தான் சொன்னேன்டா, ஒம்பது வருசமா" என்றார் இராமர். வேறு திட்ட அவரிடம் மூச்சு இல்லை. திலக்ஷனின் மூத்த பிள்ளைக்கு மூன்று வயது. எங்களுக்குப் பயமாக இருக்கிறது, நானா.

மரபுப்படி உங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், இம்மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். மரபில் இல்லாத ஒன்றை உங்களிடம் கேட்கிறோம். உங்கள் டோர்ச்சை இராமர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள். வாயிற்கதவில் நிற்கும் அவரைக் கூடாரத்துக்கு வெளியே, தூசு எட்டாத இடத்தில் நிறுத்த முகாமையாளர் ஐயாவின் ஒரு சொல் போதும். அவர் உங்கள் பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறார். இந்த ஒரு தாளை வாசிக்க இராமர் எத்தனை தடவை நின்றார் என்பதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நோய் நொடி அணுகாமல், நெஞ்சில் சளியும் கண்ணில் புரையும் நெருங்காமல், மாளிகாவத்தைத் தொடர்மாடியின் நான்காம் தட்டுக்குப் பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கியபடி ஒரே மூச்சில் ஏறி, ஏறிய பின்னும் எங்களைத் திட்ட மூச்சு மிச்சமிருக்க, நூறாண்டு கடந்தும் நீங்கள் வாழ்க, அலவி நானா, வாழ்க!

இந்த வாழ்த்து நீளம்தான். இதை மட்டும் வெட்ட இராமர் சம்மதிக்கவில்லை.

இங்ஙனம்,
உங்களைத் தினமும் சபித்து, தினமும் வீடு போய்ச் சேர்ந்த
பட்டறை ஊழியர்கள்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு.