துருக்கி மலையில் கட்டிய தொட்டில்

சாயங்காலம் எட்டு மணி. துருக்கியில் கோடைகாலத்தில் அப்போதுதான் பொழுது சாயும். அந்தால்யா ஊருக்கு மேலே, ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மலைப்பாதை... அதில் ஒரே ஒரு ஜீப்.

செல்போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கிட்டே வாருங்கள். புயலில் போன கரண்ட் இப்போதைக்கு வராது. இது என் நண்பன் இளவரசுவின் அக்காவுக்கு நடந்தது. அவனே என்னிடம் சொன்னான். பொய் சொல்லும் அளவுக்கெல்லாம் அவனுக்கு மூளை கிடையாது.

ஜீப்பில் மூன்று பேர். ஓட்டுவது வழிகாட்டி முராத். பின்னால் இளவரசுவின் அக்கா தமிழ்ச்செல்வியும் அவள் புருஷன் அறிவழகனும். கடலூர் சிப்காட்டில் லேபர் கான்ட்ராக்ட் எடுப்பவன் இந்த அறிவழகன். 'அமைதியான இயற்கை' என்ற விளம்பரத்தைப் பார்த்துக் காசு கட்டியவன், அந்த அமைதிக்குள் ப்ளூடூத் ஸ்பீக்கரையும் முறுக்குப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு போனான். கடலைப் பார்த்தால் "நம்ம சில்வர் பீச்சே தேவலாம்" என்பான். மலையைப் பார்த்தால் கொட்டாவி விடுவான். இந்த மாதிரி ஆட்கள் எதற்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தமிழ்ச்செல்வி அப்படி இல்லை. பாவம், வாயே திறக்க மாட்டாள். கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. புருஷன் வீட்டு விசேஷங்களில் அவளைப் பின்வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று... ஒரு குழந்தை.

ஒரு திருப்பத்தில் முராத் என்ஜினை அணைத்தான். பைன் மர வாசனை. தூரத்தில் ஆட்டு மணி... ணிங்... ணிங்... சிள்வண்டுச் சத்தம். பாதையோரம் ஒரு பட்ட மரம். கிளையெல்லாம் வெளுத்த துணி முடிச்சுகள். அடியில் ஒரு சின்ன சமாதி... ஒரு முழம்தான் இருக்கும். மேலே கற்களைக் குவித்திருந்தார்கள்.

இங்கே பேசக்கூடாது, எதையும் தொடக்கூடாது என்று முராத் அரைகுறை இங்கிலீஷில் சொன்னான்.

அறிவழகனாவது, சும்மா இருப்பதாவது. "ஏய், நம்ம ஊரு மாதிரியே வேண்டுதல் மரம்டி! ஒரு தொட்டில் கட்டிடுவோம்."

"வேணாங்க. பாத்தா புள்ளையப் பொதைச்ச எடமாட்டம் இருக்குது."

கேட்டால்தானே? அவள் துப்பட்டாவைக் கிழித்துத் தொட்டில் கட்டினான். குழந்தைக்குப் பதிலாக உள்ளே ஒரு கல்லைப் போடுவோமே, அந்தக் கல்லை எங்கிருந்து எடுத்தான் அந்த மடையன்? சமாதி மேலிருந்து. என்னடா செந்தமிழ்ச்செல்வா, இருட்டில் உட்கார்ந்து சிரிக்கிறாயா? உன்னைக் கூட்டிப்போனாலும் இதைத்தான் செய்வாய்.

கல்லைப் போட்டு ஆட்டினான். "வாடா மவனே, கடலூருக்குப் போலாம். ஒனக்கு ஃப்ளைட்டு டிக்கெட்டு ஃப்ரீ!"

சிள்வண்டு நின்றது. ஆட்டு மணியும் நின்றது. அவன் காசு கட்டிய அமைதி அப்போதுதான் வந்தது... அவன் கையை எடுத்த பிறகும் தொட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. காற்று இல்லை.

முராத் பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கூரைப்பக்கம் திருப்பிவிட்டு ஜீப்பை எடுத்தான். வழியெல்லாம் உள்ளே திரிந்த பால் வாசனை... அறிவழகன் முறுக்கு கடித்துக்கொண்டே வந்தான். தமிழ்ச்செல்விக்கு மடி கனத்தது. இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஹோட்டல் வாசலில் முராத் கதவைத் திறந்தான். கைக்குழந்தையோடு இறங்குகிறவளைப் பிடிப்பதுபோல அவள் முழங்கையைத் தாங்கி இறக்கிவிட்டான். அவள் மடிப்பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை.

ஊர் திரும்பிய மாதமே அவளுக்கு நாள் தள்ளிப்போனது. அறிவழகனுக்குத் தலைகால் புரியவில்லை. "துருக்கி சாமி குடுத்துச்சு" என்று திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டான். சிதம்பரத்தில், தாய்வீட்டில் பிரசவம். ஆண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை... சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்ததாம்.

பேர் வைக்கிற அன்று வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். 'அருண்பாண்டியன்' என்று கொட்டை எழுத்து. குழந்தையின் படத்தைவிட அப்பன் படம் பெரிது. வெட்கம் கெட்டவன்.

தாய்மாமன் இளவரசுதான் காதில் பேர் சொல்ல வேண்டும். குனிந்து மூன்று முறை சொன்னான். நிமிரப் போனவனின் காதில் ஈரமான சின்ன வாய் பட்டது... மக்குப் பையனுக்குச் சொல்லித்தரும் வாத்தியார்போல நிதானமாகத் திருத்தியது. வேறு ஒரு பெயர். அவன் கேட்டே அறியாத பாஷை.

இளவரசு வெளுத்துப்போய் நின்றான். அறிவழகன் யாரோடோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். தமிழ்ச்செல்வி மட்டும் தம்பியைப் பார்த்துச் சிரித்தாளாம். அவள் அப்படிச் சந்தோஷமாகச் சிரித்து அவன் பார்த்ததே இல்லை. குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அவனுக்குத்தான் ஏற்கெனவே பேரு இருக்குதேடா தம்பி. வயித்துல இருக்கும்போதே எங்கிட்ட சொல்லிட்டான்."